மாற்றங்களைச் சேமிக்கவா?

இரவு ஒன்பது. பேர்லேண்ட்ஸில் மூன்றாம் மாடி.
திரையில் நாற்பத்தோராயிரம் மாற்றங்கள்;
சலித்ததில் மிஞ்சியவை பதினேழு.

அப்பன் வழி நான்கை ஒரு குழுவாக்கினேன்.
அம்மா வழி ஐந்து.
ஏழு, 'பொருள் தெரியாதவை'.
அறிக்கையில் அப்படித்தான் எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது,
இருவரிடமும் இல்லாமல்
பிள்ளையிடம் மட்டும்.

நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தியெடுத்தபடி
இறங்கி வந்த சடைச்சி
காலையில் கேட்டாள்:
"இது யாரு பக்கத்துல இருந்து வந்துச்சு மேடம்?"
பின்னால் நின்றிருந்தாள் மாமியார்,
பதில் முன்பே தெரிந்தவளைப் போல.

குழுவுக்குப் பெயர் கேட்கிறது மென்பொருள்.
'யார் பக்கமும் இல்லை'
என்று தட்டுகிறேன்.

மூடப்போனால் இன்னொரு கேள்வி:
மாற்றங்களைச் சேமிக்கவா?

அந்த உடம்பு
யாரையும் கேட்காமல் சேமித்ததை
நான்
'ஆம்' அழுத்திச் சேமிக்கிறேன்.