எர்த் குழி

பேட்டை தொழிற்பேட்டை, மூன்றாவது ஷெட்.
துப்பாக்கி முனையில் ஒரு சொட்டுப் பச்சை
விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது.
நான் இன்னும் சுவிட்சைத் தொடவில்லை.

தொட்டதும்
உருண்டை கூம்புகிறது,
ஊசியாகி, நூலாகி,
நூலும் தன்னைத் தாங்காமல் உதறி
புகையாகிறது.
எழுபதாயிரம் வோல்ட் என்கிறது
பெட்டியின் சிவப்பு எண்.
எனக்குத் தெரிவதெல்லாம்
முழங்கை மயிர் எழுந்து நிற்பது மட்டும்.

பாகம் பிரித்த பங்காளிகளைப்போல்
துளிகள் விலகி விலகிப் பறக்கின்றன.
போய்ச் சேர நினைப்பதென்னவோ
எல்லாம் ஒரே இரும்பை.

ஆனியில் கணவாய் வழியாக வரும் சாரல்
மேலப்பக்கச் சுவரை நனைக்கும்,
கீழப்பக்கம் காய்ந்தே கிடக்கும்.
இது அப்படியில்லை.
ஜன்னல் கிராதியைத் தாண்டிப் போன துளிகூட
எதையோ மறந்துவிட்டவன்போல் திரும்பி வந்து
கம்பியின் முதுகில் ஒட்டுகிறது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள்
கிராதி வரை போன பச்சை
தயங்கியது.
பிறகு என்னைப் பார்த்துத் திரும்பியது.
மணிக்கட்டு, வாட்ச், மீசை.
ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற என்னை
இரும்பென்று நினைத்திருக்கும்.

"என்ன வே இசக்கிராசு,
பச்சக்கிளி கணக்கா நிக்கீரு!"
சிரித்துக்கொண்டே பம்பை நிறுத்தினான்
செய்யது பட்டாணி.

கொக்கியைச் சுரண்டினோம்.
பழைய பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது.
அப்புறமும் அதே கதைதான்.
ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம்,
சுவரோரம், கக்கூஸுக்குப் பின்னால்,
உடைமரம் படர்ந்த மூலை வரை.
மூடியைத் தூக்கினால்
கரியும் உப்பும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

ஒரு குடம் ஊற்றினோம்.
சத்தமில்லாமல் குடித்தது.
இன்னொரு குடம்.
எங்கள் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர்,
சுத்தமல்லி அணைக்கட்டைத் தாண்டி வந்தது.
மூன்றாவது குடத்தில்தான்
குழிக்குள் ஒரு குமிழி வந்து வெடித்தது.
"போதும்ல" என்றான் பட்டாணி,
என்னிடமா மண்ணிடமா தெரியவில்லை.

உள்ளே வந்து சுவிட்சைத் தொட்டேன்.
புகை நேரே இரும்புக்குப் போனது.
என்னைத் தெரிந்ததாகவே
காட்டிக்கொள்ளவில்லை.

எவ்வளவு தின்னர் போட்டுத் தேய்த்தும்
மீசையில் கொஞ்சம் மிச்சம்.
டவுன் பஸ்ஸில் என்னைப் பார்த்த குழந்தை ஒன்று
அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.
நான் சுற்றிப்போய்
அங்கேயும் எட்டிப் பார்த்தேன்.