பள்ளிகொண்டா, நான்காவது தடம்

பதினோரு இரவுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.
இந்தத் தடத்து ரசீது இயந்திரம்
வியாழன் பின்னிரவு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
அந்த எண்ணுக்கு வந்து சேரும்.
ஒரு ஞாயிறைக் கொடுத்து
செண்பகவல்லியின் முறையை வாங்கினேன்.
பல்வலி என்றேன்.
பல்வலிக்கு எவள் இரவு வேலை கேட்பாளென்று
அவளும் யோசிக்கவில்லை.

73939133.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
பகா எண்.
அதிலொன்றும் அதிசயமில்லை, பகா எண்கள் தீர்வதேயில்லை.
இதன் வாலில் இருக்கிறது விஷயம்.
கடைசி இலக்கத்தை நறுக்கு, மிச்சமும் பகா எண்.
இன்னொன்றை நறுக்கு, அதுவும்.
ஒற்றை ஏழு மிஞ்சும்வரை நறுக்கு,
நடுவில் எவனும் பங்கு கேட்டு வர முடியாது.
எங்கள் மேல்பட்டி நிலம் அப்படியில்லை,
மூன்று பேர், ஒரு கிணறு.

வாலறுத்தும் வாழ்பவை மொத்தமே எண்பத்து மூன்று.
இதுதான் பெரியது.
இதன் பின்னால் இன்னொரு இலக்கம் ஒட்டவே ஒட்டாது:
ஒன்றை வை, ஏழை வை, மூன்று வந்து உடைக்கும்.
மூன்றையும் ஒன்பதையும் வைத்துப் பார்த்ததில்
ஒரு மதியத் தூக்கம் போனது.

இரண்டு நாற்பத்தொன்று.
முதலில் ஈரத்தோல் வாடை, பிறகு விளக்கு.
ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் போகிற லாரி.
ஃபாஸ்டேக்கில் பணமில்லை.
இரட்டைக் கட்டணத்துக்கு முனகிக்கொண்டே
பயாஸ் பாய் ரொக்கம் நீட்டினார்.
கிர்ர் என்று வந்தது.
பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.
"இன்னாம்மா, குடுக்க மனசில்லையா?"

கொடுத்ததும் வலது ஓரத்தைக் கிழித்தார்,
சுருட்டிக் காதில் விட்டுக் குடைந்தார்.
கடைசி மூன்று அவர் காதுக்குள்.
"இன்னும் உடையல" என்றேன், வாய் தவறி.
"இன்னாது?"

சொன்னேன். பின்னால் ஒரு ஆம்னி பஸ் அலறியது.
சொல்லச் சொல்ல நகத்தால் கிள்ளினார்,
மூன்று, ஒன்று, ஒன்பது,
ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்து.
"இந்தாண்ட ஓரம் கிழிச்சிருந்தா?"
"முழுசா இருக்கச்சே முன்னாடி ஏழ எடுத்திருந்தா
பதினொண்ணு பூந்துடும்."
"அட" என்றார்,
யாரோ தெரிந்த ஆளைப் பற்றிக் கேட்ட மாதிரி.

விரல் நுனியில் ஏழு மட்டும்.
எச்சில் தொட்டுக் கண்ணாடியில் ஒட்டினார்,
ஏற்கெனவே இருந்த 786-க்குக் கீழே.
அது உடையுமா என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ரசீது கேட்பார்களே என்று
எனக்கு உறைப்பதற்குள்
தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது.

பஸ் பக்கத்துத் தடத்துக்கு ஒடித்துக்கொண்டு போக,
அடுத்து வந்தது ஒரு பால் வண்டி.
ரசீது நான்கில் முடிந்தது.
இரண்டு, மூன்று, ஆறு என்று
பங்காளிகள் வரிசையாக வந்து நின்றார்கள்.
சில்லறை இருக்கா என்று கேட்டேன்.