மூன்று குறைகிறது

ஏப்ரல் கடைசி. மந்தையை மலையிலிருந்து இறக்கிவிட்டோம்.
பட்டி வாசலில் நின்று
இரண்டிரண்டாய் எண்ணினார் டால்சீல்.
ஆயிரத்து நானூற்றுப் பத்தில் மூன்று குறைந்தது.
"மேலே பார்" என்றார்.

பார்த்தேன். ரகாயா ஆற்றின் தலைமாட்டில்,
சரளைச் சரிவுக்கும் மேலே,
பாறை முகட்டில் மூன்று வெள்ளை முதுகுகள்.
ஒன்று படுத்திருந்தது. இரண்டு ஒட்டி நின்றன.

நானும் நாயும் ஏறினோம்.
இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி
கீழே இழுக்கிற மலை.
கல்லெல்லாம் நகர்ந்தபடி இருக்கும்,
ஒன்றோடொன்று முணுமுணுத்துக்கொண்டு.
பாதி வழியில் விசிலடித்தேன்.
முதுகுகள் அசையவில்லை.
நோயா, கால் முறிந்ததா,
போன வாரப் பனியில் விறைத்துவிட்டதா என்று
மனதுக்குள் ஒவ்வொன்றாய்ச் சாகடித்துக்கொண்டே போனேன்.

மோஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.
முதலாளி தடுக்கி விழும்போது
வேறெங்கோ பார்க்கிற வேலையாள் மாதிரி
ஆற்றைப் பார்த்தாள்.

கை வைத்தேன்.
கம்பளி. ஆனால் சூடில்லை.
அமுங்காமல் இறுகிய சாம்பல் வெண்மை.
உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு தளிர்க்கொத்து,
சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை,
ஆயிரமாயிரம், நடுவே ஊசி நுழைய இடமில்லாமல்.
காற்று என் தொப்பியைப் பிடுங்கிப் போனது.
செடி சிலிர்க்கவுமில்லை.
உடைந்திருந்த ஓரத்தில் விரலை விட்டேன்:
உள்ளே ஈரம். தன் பழைய இலைகளையே
மண்ணாக்கி வைத்துக்கொண்டு
பாறைமேல் குடித்தனம்.

கீழே வந்து சொன்னதும்
தேநீர் மூக்கில் ஏறச் சிரித்தான் வைரெமு.
"சூரியகாந்திக்குச் சொந்தம் அது, நம்பமாட்டாய்.
முதல் வருஷம் நானும்
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனேன்."
நிஜ ஆடுகள் மூன்றும் பக்கத்துப் பண்ணையின்
டர்னிப் வயலில் வயிறு ஊதிக் கிடந்தனவாம்.
டால்சீல் கணக்கைத் திருத்திவிட்டுப்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு.
கணக்கு சரியாக இருந்தது; யாரும் அனுப்பவில்லை.
ஏறினேன்.
தளிர்க்கொத்துகளின் நடுவில் கடுகளவு பூக்கள்,
கருஞ்சிவப்பு, மண்டியிட்டால்தான் தெரியும்.
ஒரு சின்ன ஈ அந்தக் காற்றில் பறக்க முடியாமல்
பூவிலிருந்து பூவுக்கு
நடந்தே போய்க்கொண்டிருந்தது.

மோஸ் இந்த முறை உச்சிவரை வந்தாள்.
படுத்திருந்ததன் மறைவில், காற்றுக்கு ஒதுங்கி,
ரொட்டியைப் பிட்டுத் தின்றோம்.
பழக்க தோஷம், எண்ணினேன்.
அடுத்த முகட்டில் இன்னும் நான்கு.