இரண்டாம் கட்டக் கொடுப்பனவு

பாலையூற்றில் பஸ் திரும்பும்போதே
தூண்கள் தெரியும்.
குறைந்த வாடகைக்கு
நூற்று நாற்பத்து நான்கு வீடுகள்
என்று பலகையில் எழுதியிருந்தார்கள்.
பெயின்ற் உரிந்து, நூறு காற்றோடு போய்விட்டது.
மிச்சம் நாற்பத்து நான்கு.
அதுவும் பலகையில்தான்.

நான் இங்கே காவல்.
களவு போக என்ன இருக்கிறது என்பீர்கள்.
கொங்கிறீற் மிக்சர் ஒன்று,
வயிறு நிறைய மழைத்தண்ணீர்.
எழுபத்தொரு மூடை சீமெந்து.
பிரிக்காமலே இறுகி
ஒவ்வொன்றும் தன் மூடையின் வடிவத்தில் கல்.
அவற்றை அடுக்கி, படிக்கட்டுக்குக் கீழே
எனக்கொரு மறைப்பு வைத்தேன்.
இந்தத் திட்டத்தில்
கட்டி முடிந்த ஒரே சுவர் அதுதான்.

முதற் கட்டக் காசு வந்த மாதங்களில்
இரவிலும் லைற் எரிந்தது.
பிறகு டொலர் ஏறியது, கம்பி விலை ஏறியது,
ஒப்பந்தக்காரர் வெருகல் பக்கம்
மதகு கட்டப் போய்விட்டார்.
இரண்டாம் கட்டம் திறைசேரியில் என்றார்கள்.
திறைசேரி, அமைச்சின் கடிதம் வரட்டும் என்றது.
அமைச்சு இரண்டாய்ப் பிரிந்தது.
கடிதம் எந்தப் பாதிக்குரியது என்று
தீர்க்க ஒரு குழு.
குழு கேட்டது: மதிப்பீடு பழையதல்லவா?
புதியது போய்ச் சேருமுன்
அதுவும் பழையதானது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்
கைறுன்னிசா வருவாள்.
ஜமாலியாவில் ஒற்றை அறை, பதினெட்டாயிரம்,
தண்ணீருக்கு வேறு.
பட்டியலில் அவள் அறுபத்து மூன்று,
மூன்றாம் மாடி, கடல் தெரியாத பக்கம்.
கைப்பிடியில்லாப் படியில் சுவரைத் தடவி ஏறி
சோக்கட்டியால் தரையில் கீறுவாள்:
இது அடுப்பு. இது அலுமாரி.
சாரல் அடித்து அழிக்கும்.
அடுத்த கிழமை அலுமாரி இடம் மாறியிருக்கும்.
"கதவு திறந்தா இடிக்குமே" என்பாள்.
கதவு ஏது.

இந்த வருசம்
நடுவில் ஒரு கோடு கூடியிருந்தது.
நான் கேட்கவில்லை.
"மகள் பெரிசாகிட்டாள்" என்றாள்
சோக்குத்தூளைக் கையில் தட்டிக்கொண்டு.
பலகை நட்ட அன்று
அந்தப் பிள்ளையை அவள் இடுப்பில் வைத்திருந்தாள்.

எனக்கும் ஐந்து மாதச் சம்பளம் நிலுவை.
கேட்கக் கச்சேரிக்குப் போனேன்.
நகரத்து மானொன்று மதிலோரம் நின்று
யாரோ கைவிட்ட படிவத்தை மென்றது.
கையொப்பம் வரை வந்திருந்தது.
உள்ளே விசாரித்தார்கள்:
நீங்களும் வீட்டுக்கு விண்ணப்பித்தவரா?
ஓம், எண்பத்தொன்பது.
இப்போதைய முகவரி?
மேற்படி கட்டடம், படிக்கட்டின் கீழ்.
அலுவலர் பேனையைத் திறந்தார்.
"அப்ப உங்களுக்கு வீடு கிடைச்சிட்டுதே."
ஒரே கோடு.

ஒன்றைச் சொல்லவேண்டும்.
கட்டி முடிந்தால் எனக்குக் காவலும் இல்லை, கூரையும் இல்லை.
இரவில் லொறியின் வெளிச்சம் தூண்களில் ஏறும்போது
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
அது சந்தோசம் என்று
கைறுன்னிசாவிடம் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய் அளவுகாரர் வந்தார்கள்,
இது நான்காம் தடவை.
மூன்றாம் மாடியில் நாடாவை இழுத்தபடி ஒருவர்
அடுப்பின் மேல் நின்றார்.
குறிப்பில் எழுதினார்:
தரையில் கிறுக்கல். காவலாளி கழுவவேண்டும்.

வாளியோடு ஏறினேன்.
அடுப்பைக் கண்டேன். அலுமாரியைக் கண்டேன்.
நடுக்கோட்டின் இந்தப் பக்கம்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நின்றேன்.
இறங்கி வந்து
தண்ணீரை மிக்சரின் வயிற்றில் ஊற்றினேன்.
'கழுவியாயிற்று' என்று கொப்பியில் எழுதினேன்.
திகதி போட்டேன்.
கையெழுத்தை
வாசிக்கக்கூடியதாக வைத்தேன்.