மாதிரி எண் 41

தீப்பெட்டியில் இருபது தேனீக்கள்.
"பறக்க மாட்டேங்குதுங்கம்மா
தரையில நடக்குதுங்க" என்றார் தேசப்பன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
முப்பது டன் பெட்டியைப் பஞ்சுபோல இறக்கும் விரல்
தீப்பெட்டியைத் தள்ளும்போது தடுமாறியது.

திருவொற்றியூரில், மாடிப்படிக்கு அடியில்
என் பரிசோதனைக் கூடம்.
நான் இங்கே பார்ப்பது மலம்.
காலை ஏழு மணியிலிருந்து
மருந்து டப்பாவில், ஐஸ்கிரீம் கப்பில்,
ஒருமுறை பன்னீர் சோடா பாட்டிலில்.
எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறதென்று
மாநகராட்சிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

படிவத்தில் எழுதினேன்.
பெயர்: தேனீ.
பால்: பெண், இருபதும்.
வயது என்ற இடத்தில் பேனா நின்றது.
"மூணு வாரம் போடுங்க,
பூவுக்குப் போறதுங்கதான் இதெல்லாம்."

நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால்
குடல் தனியே வந்துவிடுகிறது.
அவரே காட்டினார், போனில் பார்த்துப் பழகியிருக்கிறார்.
நல்ல குடல் வெல்லப்பாகு நிறமாம்.
இது ஊறிய ஜவ்வரிசியாய் வெளுத்து வீங்கியிருந்தது.
ஒரு சொட்டு நீர்,
ஒரு கண்ணாடிச் சில்லு,
நானூறு மடங்கு.

அரிசி.
ரேஷன் கடையில் மூட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல
ஒரே அளவில், மினுமினுத்துக்கொண்டு,
எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.
"நோசிமா" என்றேன்.
யாரோ ஒரு பெண்ணின் பெயர்போல
அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர் போனேன்.
மாடியில் பன்னிரண்டு பெட்டிகள்,
புகைபோக்கிகள் தெரியும் பக்கமாக.
கழிமுகத்தில் கண்டல் பூத்தால் இவை அங்கே போகும்.
இந்த வருஷம் இலையெல்லாம் சாம்பல், பூ இல்லை.
அதனால் பாகு காய்ச்சி வைத்திருக்கிறார்
அகலமான அலுமினியத் தட்டில்,
பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே தட்டு.
"எதுவும் பட்டினி கெடக்கக் கூடாது பாருங்க."

பெட்டி வாசல்களில் பழுப்புக் கோடுகள்,
பஸ் ஸ்டாண்டு சுவரில் வெற்றிலை துப்பியதுபோல.
அதைச் சுத்தம் செய்வது இளசுகளின் வேலை.
நாக்கைத் தவிர அவற்றிடம்
வேறு துடைப்பம் இல்லை.

"நாலாம் பெட்டி செத்தப்போ
அடை வீணாப் போவுதேன்னு
ஏழுக்கும் எட்டுக்கும் பிரிச்சிக் குடுத்தேன்."
கேட்காமலே சொன்னார்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

போன ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ்.
ஒரே அண்டா, ஒரே அகப்பை.
அடுத்த வாரம் எனக்கு அறுபத்திரண்டு டப்பாக்கள்.
ஊற்றியவர் மகளுடைய டப்பாவும் அதில் ஒன்று.
அவரிடம் எதைச் சொல்வது,
"நெகட்டிவ் வரும்" என்று பொய்தான் சொன்னேன்.
இவரிடம் அதுவும் வரவில்லை.

காசிமேட்டில் படகுக்கு வெல்டிங் செய்யும் அமல்தாஸ்
ஊதுவிளக்கோடு வந்தார்.
காலிப் பெட்டிகளின் உட்புறத்தைக் கருக்கினோம்.
உருகிய மெழுகு வாசம் இறங்கிப் போய்
கீழ்வீட்டுப் பையன் ஓடி வந்தான்,
"யாருக்கு பர்த்டே?"

தட்டை நான்தான் கவிழ்த்தேன்.
கவிழ்த்த முதுகின் மேலேயும்
வந்து வந்து இறங்கின.

மாலை, ரயில்வே கேட் அருகே கரும்புச் சாறு வண்டி.
சக்கைக் குவியல் முழுக்கத் தேனீக்கள்.
எந்த மாடி, எந்த மரப்பொந்து,
எந்தப் பாலத்தின் அடிவயிற்றிலிருந்து வந்தவையோ
தோளோடு தோள் உரசிக் குடித்துக்கொண்டிருந்தன.
தேசப்பன் குனிந்து பார்த்தார்,
தன்னுடையவற்றைத் தேடுகிறவர்போல.

வண்டிக்காரர் இரண்டு தம்ளரை
கலங்கிய வாளியில் முக்கி எடுத்து
எலுமிச்சை பிழிந்து நீட்டினார்.
வாளியைப் பார்த்தேன்.
எனக்குத் தெரியும்,
என்னைவிட இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்.
வெயில் இன்னும் இறங்கவில்லை.
குடித்தோம்.