வேன் வரும் நேரம்

சிலிம் ரிவர் கிட்னி மையத்து வேன்
திங்கள் புதன் வெள்ளி ஓடுகிறது.
அதன் நேரங்கள் இதுவரை
ஒரு படமாகத்தான் கிடந்தன பக்கத்தில்:
சுவரில் ஒட்டியிருந்ததை யாரோ சாய்வாகப் பிடித்த போட்டோ.
எண்ணைத் தொட்டால் மணி அடிக்காது.

இரவு பதினொன்று. டயர் கடைக்கு மேல் அறை.
ஒவ்வொரு சொல்லாகத் தட்டி
இருபுறமும் சின்னக் கோண அடைப்பு வைக்கிறேன்.
இது பெயர்.
இது எண்.
இது நேரம், மாலை அல்ல, காலை ஐந்தே கால்.
03/05 மார்ச்சா, மே மாதமா?
ஆண்டை முன்னால் நிறுத்தி மாதத்தை நடுவில் வைக்கிறேன்.
ஒருமுறை யாருடைய கைப்பேசியோ மாற்றிக் குறித்துவிட,
சீரங்காயி அம்மாள் ஈரத் தலையோடு
ரோட்டோரம் நின்றார், நன்றாக விடியும்வரை.

ஏறும் இடங்களில்தான் மாட்டிக்கொண்டேன்.
"கள்ளுக்கடை முக்கு" என்று எழுதித் தந்திருக்கிறார்
ஓட்டுநர் இருதயராஜ்.
கள்ளுக்கடை போய்க் கைப்பேசிக் கடை வந்து
அதுவும் மூடியாகிவிட்டது.
"ரெண்டாம் டிவிஷன் ஸ்டோர்":
ஸ்டோர் இல்லை, செம்பனைதான்.
ஆனாலும் வேன் நிற்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள்.
வரைபடத்துக்கு மட்டும் தெரியாது.
போன் செய்தேன். தூக்கக் குரலில்
"அட, அங்கதாம்மா நிப்பேன்" என்றார்.

புதன் விடியலில் வேனிலேயே போனேன்.
நின்ற இடத்திலெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை.
பெயரை மாற்றவில்லை.
கள்ளுக்கடை முக்கு கள்ளுக்கடை முக்காகவே இருக்கட்டும்,
அடியில் யார் கண்ணுக்கும் படாத இரண்டு எண்களோடு.

கடைசியாக, தொடர்புக்கு நான்.
முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது
என்று கேட்கிறது குறி.
அடையாள அட்டையில்
தவச்செல்வி அனாக் பெரம்புவான் நாகமுத்து.
நடுவில் இருப்பது 'மகள்' என்ற சொல்,
பெயரல்ல.
லங்காவிக்கு நான் போனபோது
டிக்கெட்டில் பறந்தது மிஸ் நாகமுத்து;
அப்பா விமானமே ஏறியதில்லை.
குடும்பப்பெயரைக் காலியாக விட்டேன்.
முழுப்பெயர் என்றும் ஒரு குறி உண்டு,
அதற்குள் நாங்கள் இருவரும் அடங்கிவிடுகிறோம்.

சேமித்தேன்.
பார்வைக்கு ஒரு சாதாரணப் பட்டியல்.
"ஒரு வாரமா இதையா செஞ்ச?" என்றார் மையத் தலைவர்.
என்ன சொல்வது, சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. இன்னும் இருட்டு.
ஜொகூரில் எங்கோ வேலை முடிந்து வந்த ஒரு மகன்
பக்கத்தில் இருந்த எண்ணைத் தொட்டிருக்கிறான்.
கள்ளுக்கடை முக்கில், வேனுக்குள்
மணி அடித்தது.
"அம்மா ஏறிட்டாங்க தம்பி"
என்றார் இருதயராஜ், கியரைப் போட்டுக்கொண்டே.