நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்

மின்விசிறியை நிறுத்தினேன்,
கரண்ட் இரைச்சல் கோட்டில் ஏறிவிடும்.
அரைஞாணை அவிழ்க்கத் தயங்கினார்.
இருக்கட்டும் என்றேன்.
முதல் வண்டியை இறக்கிவிட்டு
ஸ்வெட்டரோடு நேராக வந்திருக்கிறார்.
ஐந்து ரோட்டில் ஏழரைக்கே வெயில்,
உடம்பு மட்டும் இன்னும் ஏற்காட்டில்.
நடுங்காதீங்க,
நடுக்கமும் கையெழுத்துப் போடும்.

சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை,
பச்சை இடது கால்.
வலது காலில் கறுப்பு. அது எதையும் பார்ப்பதில்லை,
சும்மா உடன் நிற்கிறது.
நெஞ்சில் ஆறு கிண்ணி.
மயிர்க்காட்டில் இரண்டு வழுக்கி விழுந்தன.

"பேப்பர் என்ன ஸ்பீடு?"
டிரைவர் கேள்வி. சொன்னேன்.
கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்:
"அடிவாரத்துல இருந்து ஒண்டிக்கடை போய்ச் சேர
ஒம்போது நாள்."

கோடு வந்தது.
மலை மாதிரி என்பார்கள் எல்லோரும்.
நான் சொல்வதில்லை. மலை நின்ற இடத்தில் நிற்கும்.
இது நடந்துபோன மின்சாரத்தின் தடம்:
மேலறையில் புறப்பட்டதற்கு ஒரு மேடு,
நடுவாசலில் காத்து நின்றதற்கு மட்டக்கோடு,
கீழறைகள் ஒருமிக்க எழுந்ததற்கு ஓர் ஈட்டி,
பிறகு, அடுத்த முறைக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளும்
அகலமான, அவசரமில்லாத இன்னொரு மேடு.
இதயம் சுருங்குவது இதில் இல்லை.
சுருங்கு என்ற உத்தரவு மட்டும்.

ஒரு வரியில் எல்லாமே தலைகீழ்.
"கோளாறா?"
இல்லை. அந்தத் தோளிலிருந்து பார்த்தால்
எல்லாம் விலகித்தான் போகும்.

கோளாறு கடைசி வரியில் இருந்தது.
மட்டக்கோட்டை எண்ணினேன்.
ஆறு சின்னக் கட்டம். எட்டு. ஒன்பது.
அதன்பின் ஒரு மேடு,
ஈட்டி இல்லை,
வெறும் கட்டங்கள்.
மறுபடி ஆறிலிருந்து.

அர்த்தநாரி, வயது ஐம்பத்தொன்று, என்று எழுதினேன்.
டாக்டர் சொல்லவேண்டியதை நான் சொல்லக் கூடாது.
அவராகவே பேசினார்:
"பன்னெண்டாவது வளைவுல ஹாரன் அடிச்சிட்டு நிப்பேன்.
பதில் ஹாரன் வரலைன்னா ஏத்திடுவேன்.
நேத்து பதில் வரல.
ஆனாலும் நின்னுட்டே இருந்தேன்,
பின்னாடி கண்டக்டர் விசில் ஊதற வரைக்கும்."

ஒரு நிமிஷம் முழுசாக ஓடவிட்டேன்.
ஒன்றரை மீட்டர் காகிதம்
மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது.
ஜெல்லைத் துடைத்தபடி குனிந்து எடுத்தார்.
எல்லோரும் ஈட்டிகளைத் தொடுவார்கள்.
அவர் விரல் காலியான கட்டங்களில் நின்றது.
"இந்த எடத்துல நான் எங்க இருந்தேன்?"

மின்விசிறியைப் போட்டேன்.
காகிதம் படபடத்தது.
விரலை எடுக்கவில்லை.